பழைய சுழல் துப்பாக்கியின் வயதைச் சொல்வது எது?

தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். பரண் மேல் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சுழல் துப்பாக்கி. உடனே பேச்சு தொடங்கி விடுகிறது. "இது ஜப்பான்காரன் போட்டு விட்டுப் போனது" என்கிறார் பெரியப்பா. "இல்லை, வெள்ளைக்காரத் துரை அவசர காலத்தில் அப்பாவிடம் கொடுத்து வைத்தது" என்கிறார் சித்தப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்த பேரன், "குழல் மேல் 14 என்று போட்டிருக்கிறது. 1914. முதல் உலகப் போர்த் துப்பாக்கி!" என்கிறான்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்த வட்டாரத்தில் நடக்கவே நடக்காது என்று ஒதுக்கி விடக்கூடிய காட்சி அல்ல. மலாயாவும் சிங்கப்பூரும் 1941 முதல் 1960 வரை ஒரு பெரும் போரையும், ஜப்பானிய ஆட்சியையும், 12 ஆண்டு அவசர காலத்தையும் கண்டவை. பிரிட்டிஷ், ஜப்பானிய, அமெரிக்க ஆயுதங்கள் மூன்றும் இங்கே புழங்கின. ஆகவே மூவர் சொன்னதில் யார் சொன்னது சரி என்ற கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் தேடும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும்.

முதல் வேலை கண்டறிவது அல்ல

இப்படி ஒரு பொருள் கிடைத்தால் அதைத் தொடக்கூடாது. தூக்கிப் பார்க்கக்கூடாது. திறந்து பார்க்கக்கூடாது. விசையை இழுத்துப் பார்க்கவே கூடாது. அறுபது எழுபது ஆண்டுகள் கிடந்த தோட்டாவும் வெடிக்கலாம். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, சட்டம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (தண்டனை உயர்வு) சட்டமும் உள்ளன. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின் கீழ் 5 முதல் 10 ஆண்டு சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. "துருப்பிடித்தது", "தாத்தா காலத்தது", "ஞாபகார்த்தமாக வைத்திருந்தோம்" என்பவை உரிமம் ஆகி விடா. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, 999 எண்ணை அழைப்பதே சரியான வழி. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவதும் தவறு. அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் அடையாளம் காண்பது யாருக்கு வேண்டும்? காவல்துறை நிபுணருக்கு வேண்டும். அருங்காட்சியகக் காப்பாளருக்கு வேண்டும். வரலாறு எழுதுபவருக்கு வேண்டும். தாத்தாவைப் பற்றி உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பும் குடும்பத்துக்கும் வேண்டும். அவர்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

எப்படித் திறக்கிறது?

துப்பாக்கி நிபுணர் முதலில் தேடுவது ஆண்டை அல்ல. அதன் உடலமைப்பைத்தான். சுழல் துப்பாக்கியில் தோட்டாக்கள் நிறையும் சிலிண்டர் எப்படி வெளியே வருகிறது என்பது முதல் கேள்வி.

ஒரு வகை, நடுவில் மடங்கும். மேலே உள்ள கொக்கியை விடுவித்தால் குழல் முன்பக்கமாகத் தாழ்ந்து, காலி உறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலெழும்பி விழும். பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி, என்பீல்டு துப்பாக்கிகள் இவ்வகை. இன்னொரு வகையில் உடல் ஒரே துண்டாக இருக்கும். சிலிண்டர் மட்டும் இடப்பக்கம் விலகி வரும். அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், கோல்ட் ஆகியவை இவ்வகை. இந்த ஒரு கேள்வியிலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்து விடுகிறது.

வெப்லி குடும்பத்தின் ஆறு பிள்ளைகள்

பிரிட்டிஷ் ராணுவம் 1887ஆம் ஆண்டு வெப்லி மார்க் 1 என்ற சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பர்மிங்ஹாம் நகரின் பி. வெப்லி அண்டு சன் நிறுவனம் அதைத் தயாரித்தது. முதல் ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிகளுக்கு. அதன் பிறகு 28 ஆண்டுகளில் மார்க் 6 வரை வந்தது. "மார்க்" என்றால் பதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு புத்தகத்தின் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்பது போல. அதற்கு ரோமன் எண் போடுவார்கள். பெரிய மாற்றம் வந்தால் புதிய எண். சிறிய மாற்றம் என்றால் அதே எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இன்னொரு சிறிய மாற்றம் என்றால் இரண்டு நட்சத்திரங்கள்.

மார்க் 2 என்ற பதிப்பு 1895இல் வந்தது. சுத்தியலும் பிடியும் மாறின. மார்க் 3 என்பது 1897இல் ஏற்கப்பட்டாலும் பெரிய அளவில் வழங்கப்படவில்லை. மார்க் 4 என்பது 1899இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கிய ஆண்டு அது. ஆகவே அதற்குப் போயர் போர்த் துப்பாக்கி என்ற பெயரும் உண்டு. தரம் கூடிய எஃகில் செய்யப்பட்டது. மார்க் 5 என்பது 1913 டிசம்பரில் வந்தது. புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்க அதன் சிலிண்டர் சற்றே பருமனாக்கப்பட்டது. கடைசியாக மார்க் 6, 1915 மே மாதம் ஏற்கப்பட்டது. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் பெருமளவு பயன்பட்டது இதுதான். 1921 முதல் 1926 வரை என்பீல்டு அரசுத் தொழிற்சாலையும் இதைத் தயாரித்தது.

எண் தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது? பிடியைப் பார்க்கலாம். மார்க் 1 முதல் மார்க் 5 வரை பிடியின் அடிப்பகுதி பறவையின் அலகு போல வளைந்திருக்கும். மார்க் 6இன் பிடி அடிப்பாகம் சதுரமாக வெட்டியது போல இருக்கும். குழலின் நீளமும் உதவும். முந்திய பதிப்புகளுக்கு வழக்கமாக 4 அங்குலம். மார்க் 6க்கு 6 அங்குலம். ஆனால் நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. 1915இல் செய்த மார்க் 5 சிலவற்றுக்கு 5, 6 அங்குலக் குழல்களும் போடப்பட்டன.

நிறுவனத்தின் பெயரும் ஒரு நாள்காட்டி. "பி. வெப்லி அண்டு சன்" என்றால் 1897க்கு முந்தியது. அந்த ஆண்டில் வேறு நிறுவனங்களோடு இணைந்து "வெப்லி அண்டு ஸ்காட்" என்ற பெயர் வந்தது. 1906க்குப் பிறகு அதுவும் சுருங்கி "வெப்லி அண்டு ஸ்காட் லிமிடெட்" ஆனது. ஆக, ஆண்டே பொறிக்கப்படாத ஒரு துப்பாக்கியையும் பெயரைக் கொண்டு ஒரு கால வரம்புக்குள் கொண்டு வந்து விடலாம்.

தையல் இயந்திரக்காரர்கள் செய்த துப்பாக்கி

முதல் உலகப் போரில் ஒரு பாடம் கிடைத்தது. வெப்லி மார்க் 6 ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை. அதன் .455 தோட்டாவின் குண்டு சுமார் 11.5 மில்லிமீட்டர் பருமன். அவசர அவசரமாகப் பயிற்சி பெற்ற வீரர்களால் அதை வைத்துச் சரியாகக் குறி பார்க்க முடியவில்லை. ஆகவே சிறிய .38 தோட்டாவைப் பயன்படுத்தும் இலேசான துப்பாக்கி தேவைப்பட்டது.

வெப்லி நிறுவனம் ஒரு மாதிரியைச் செய்து கொடுத்தது. அரசாங்கமோ அதைத் தன் என்பீல்டு தொழிற்சாலைக்குக் கொண்டு சென்று, சில மாற்றங்கள் செய்து, என்பீல்டு எண் 2 மார்க் 1 என்ற பெயரில் 1932இல் ஏற்றுக்கொண்டது. வெப்லி நிறுவனம் சும்மா இருக்கவில்லை. இழப்பீடு கேட்டது. கடைசியில் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் 1,250 பவுன் வழங்கியது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் என்பீல்டு மட்டும் போதவில்லை. அரசாங்கம் வெப்லியிடமே திரும்பிச் சென்று அவர்களுடைய .38 மார்க் 4 துப்பாக்கியை வாங்கியது. அதனால்தான் இன்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம். என்பீல்டும் வெப்லி .38உம் அண்ணன் தம்பி போல இருக்கும். பிரித்தறிய எழுத்துகளைத்தான் படிக்க வேண்டும். என்பீல்டின் உடலில் வலப்பக்கம் கிரீடம், என்பீல்டு என்ற பெயர், மார்க், ஆண்டு ஆகியவை வரிசையாக இருக்கும். போர்க்கால வெப்லியில் "வார் பினிஷ்" என்ற சொற்களைக் காணலாம். மெருகு குறைவாக இருக்கிறதே என்று யாரும் தரத்தைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக, இது போர்க்கால மெருகு என்று பொறித்த அறிவிப்பு அது.

என்பீல்டு துப்பாக்கிகளை ஸ்காட்லாந்தின் ஆல்பியன் மோட்டார்ஸ் என்ற லாரி நிறுவனமும் 1941 முதல் 1943 வரை தயாரித்தது. உதிரிப் பாகங்களைச் செய்து கொடுத்த இன்னொரு நிறுவனம் சிங்கர். ஆம், நம் பாட்டிமார் காலால் மிதித்துத் தைத்த அதே சிங்கர் தையல் இயந்திர நிறுவனம்தான். அதன் ஸ்காட்லாந்து தொழிற்சாலையில் செய்த பாகங்களில் "எஸ்.எஸ்.எம்." என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். பாகங்களை ஒன்று சேர்த்தது என்பீல்டு. ஆகவே ஒரே துப்பாக்கியில் இரண்டு நிறுவனங்களின் அடையாளம் இருந்தால் அது போலி என்று அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது.

ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம்

"மார்க் எதுவானால் என்ன, பழைய துப்பாக்கி பழைய துப்பாக்கிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் அந்தச் சின்ன நட்சத்திரத்தில் இருக்கிறது.

என்பீல்டு மார்க் 1 துப்பாக்கியின் சுத்தியலுக்குக் கட்டைவிரலால் இழுக்க ஒரு நீட்சி உண்டு. கவச வாகனங்களில் ஏறி இறங்கும் வீரர்களுக்கு அது எதிலாவது மாட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. ஆகவே 1938இல் அந்த நீட்சியை வெட்டி எடுத்த பதிப்பு வந்தது. அதுதான் ஒற்றை நட்சத்திரம். முன்பே செய்திருந்த மார்க் 1 துப்பாக்கிகளும் பழுதுபார்க்க வந்தபோது இப்படி மாற்றப்பட்டன. பழைய எண்ணின் பக்கத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் அடிக்கப்பட்டது. ஆகவே 1934 என்ற ஆண்டும் 1938இல் வந்த நட்சத்திரமும் ஒரே துப்பாக்கியில் இருப்பதில் முரண்பாடு இல்லை. முதலாவது பிறந்த ஆண்டு. இரண்டாவது பின்னாளில் நடந்த மாற்றம்.

1942இல் இரட்டை நட்சத்திரப் பதிப்பு வந்தது. போரின் அவசரத்தில் தயாரிப்பை விரைவுபடுத்துவதற்காக, சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு பாதுகாப்புப் பாகத்தை விட்டு விட்டார்கள். அதன் விலை என்ன? தோட்டா நிறைந்த அந்தத் துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்து, சுத்தியலில் அடிபட்டால், யாரும் விசையைத் தொடாமலேயே வெடித்து விடக்கூடும். தவறு உணரப்பட்டதும் அந்தப் பதிப்பு நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்று, விடுபட்ட பாகத்தைப் பொருத்தி, ஒற்றை நட்சத்திரமாக மாற்றினார்கள். ஆனால் திரும்பி வராதவையும் உண்டு.

ஒரு நட்சத்திரத்துக்கும் இரண்டு நட்சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கும்போது கை நழுவினால் என்ன ஆகும் என்பதும் அந்தக் குறியைப் பொறுத்தது.

வெற்றியின் முதல் எழுத்து

அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனமும் போரின்போது பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் .38 சுழல் துப்பாக்கிகளை அனுப்பியது. 1942இல் அதன் தொடர் எண் பத்து லட்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு புதிய வரிசை தொடங்கி, எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'வி' எழுத்தைச் சேர்த்தார்கள். 'விக்டரி', அதாவது வெற்றி என்பதன் முதல் எழுத்து. அந்த எண் பிடியின் அடியில் இருக்கும். மங்கலான சாம்பல் நிறப் பூச்சு, வழவழப்பான மரப் பிடி, கயிறு கோக்கும் வளையம் ஆகியவை இதன் அடையாளங்கள். காமன்வெல்த் நாடுகளுக்குச் சென்ற இந்த வகைத் துப்பாக்கிகள் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம்.

இதில்தான் பலர் ஏமாறும் இடம் இருக்கிறது. இதன் குழலின் மேல் சில தேதிகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் கடைசியானது 1914 டிசம்பர். பார்த்தவுடன் 1914இல் செய்தது என்று தோன்றும். உண்மையில் அவை காப்புரிமை பெற்ற தேதிகள். அந்தத் தேதிக்கு முன் இந்தத் துப்பாக்கி செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. 1943இல் செய்த துப்பாக்கியிலும் 1914 இருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட "நிறுவப்பட்ட ஆண்டு" என்பதைப் பார்த்து அந்தப் பிஸ்கட் அத்தனை ஆண்டு பழையது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இங்கும் ஓர் எழுத்தில் உயிர் இருக்கிறது. போரின் கடைசிக் கட்டத்தில் ஓர் அமெரிக்கக் கடற்படை வீரர், கப்பலின் தளத்தில் விழுந்த விக்டரி துப்பாக்கி வெடித்து இறந்தார். நிறுவனம் உடனடியாகச் சுத்தியலைத் தடுக்கும் புதிய அமைப்பை உருவாக்கியது. புதிய அமைப்பு உள்ள துப்பாக்கிகளின் எண்ணில் 'வி'யோடு 'எஸ்' எழுத்தும் சேர்ந்தது. அந்த 'எஸ்' இல்லாதது பழைய அமைப்போடு உள்ளது என்று நிபுணர் எச்சரிக்கையாக இருப்பார்.

'26' என்றால் 1926 அல்ல

பெரியப்பா சொன்ன ஜப்பான் கதையையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய ராணுவத்திடமும் ஒரு சுழல் துப்பாக்கி இருந்தது. அதன் பெயர் 26ஆம் ஆண்டு வகை. அதுவும் நடுவில் மடங்கும். அதன் சுத்தியலுக்கும் நீட்சி கிடையாது. ஆகவே ஒற்றை நட்சத்திர என்பீல்டையும் அதையும் தூரத்தில் பார்த்தால் குழம்பி விடலாம்.

வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. ஜப்பானியத் துப்பாக்கியின் வலப்பக்கம் "26ஆம் ஆண்டு வகை" என்பது அவர்கள் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்த 26 என்பது 1926 அல்ல. மேய்ஜி பேரரசர் காலத்தின் 26ஆவது ஆண்டு. மேய்ஜி காலம் 1868இல் தொடங்கியது. அதையே முதல் ஆண்டாகக் கொண்டு எண்ணினால் 26ஆவது ஆண்டு 1893. அது வடிவம் ஏற்கப்பட்ட ஆண்டு. ஒவ்வொரு துப்பாக்கியும் அந்த ஆண்டில்தான் செய்யப்பட்டது என்று பொருள் இல்லை. தயாரிப்பு 1920களிலும் தொடர்ந்தது. அதன் 9 மில்லிமீட்டர் தோட்டாவும் தனி வகை. வேறு எந்தத் துப்பாக்கிக்கும் அது பொதுவானது அல்ல.

முத்திரைகள் பேசும்

துப்பாக்கி ஒரு கடப்பிதழ் போன்றது. அது எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஒரு முத்திரை விழுந்திருக்கும்.

அகலமான அம்புக்குறி என்றால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அரசாங்கம் அதை விற்று விட்டது என்று பொருள். கிரீடத்தின் கீழ் "பி.என்.பி." என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் தேறியது. இந்த முத்திரை 1954க்குப் பிந்தியது. ஆகவே 1917 என்ற ஆண்டோடு இந்த முத்திரையும் இருந்தால், அது முதல் உலகப் போரில் பிறந்து, 1954க்குப் பிறகு தனியார் கைக்குச் சென்றது என்று படிக்க வேண்டும். "எப்.டி.ஆர்." என்ற எழுத்துகள் தொழிற்சாலையில் முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டதைக் குறிக்கும்.

அம்புக்குறி இல்லை என்றால் ராணுவத்தில் இருந்ததே இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். அரசாங்கத் தோட்டா பொருந்தினால் போதும். அப்படி வாங்கியவற்றில் அரசு முத்திரைக்குப் பதிலாகக் கடையின் பெயர் இருக்கலாம்.

முத்திரை இருந்தால் மட்டும் உண்மையானது என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் உள்ள தர்ரா ஆதம் கேல் போன்ற இடங்களில் கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகப் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து நகல் செய்து வருகிறார்கள். முத்திரையையும் நகல் எடுப்பார்கள். ஆங்கிலம் தெரியாததால் எழுத்துப் பிழை வரும். 'என்' எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். விக்டோரியா மகாராணியின் பெயர் எழுத்துகளோடு 1905 போன்ற ஆண்டு இருக்கும். மகாராணி காலமானதோ 1901இல். அந்த ஒரு முரண்பாடே போதும், நகல் என்று முடிவு கட்ட. இத்தகைய நகல்களின் எஃகு எது என்று தெரியாது. சுடும்போது கையிலேயே வெடிக்கலாம்.

கடைசியாக, தொடர் எண்கள். உடல், குழல், சிலிண்டர் ஆகிய பாகங்களில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் அது பிறந்தபடியே இருக்கிறது. சிலிண்டரின் எண் மட்டும் வேறு என்றால் இடையில் எங்கோ மாற்றியிருக்கிறார்கள். அப்போது ஒரு பாகத்தின் வயது இன்னொரு பாகத்தின் வயது ஆகாது.

இரண்டு '38'கள்

.38 என்று எழுதியிருந்தால் எல்லா .38 தோட்டாவும் ஒன்றுதானே என்று நினைப்பது ஆபத்தான தவறு. பிரிட்டிஷ் .38 தோட்டா குட்டையானது, சற்றே பருமனானது. பின்னாளில் உலகெங்கும் காவல்துறையினர் பயன்படுத்திய .38 ஸ்பெஷல் நீளமானது, சற்றே ஒல்லியானது, அழுத்தமும் கூடியது. போருக்குப் பின் வியாபாரிகள் சிலர் பழைய விக்டரி துப்பாக்கியின் சிலிண்டரைக் குடைந்து, ஸ்பெஷல் தோட்டா போகும்படி செய்து விற்றார்கள். அகலமான அறையில் ஒல்லியான தோட்டா. சுடும்போது உறை கிழிந்து விடும். அமெரிக்காவில் வெப்லி மார்க் 6இன் சிலிண்டரையும் இவ்வாறு சீவி, அழுத்தம் கூடிய .45 தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அது அந்தத் துப்பாக்கி தாங்க வேண்டிய அளவை மிஞ்சியது. எந்த வகை, எந்த மாற்றம் என்று தெரியாமல் சுட்டவர்கள் தங்கள் கையையே பணயம் வைத்தார்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு வகையும் உண்டு. சிங்கப்பூர்க் காவல்துறைக்காகச் செய்த வெப்லி .38 துப்பாக்கிகளில் பாதுகாப்புத் தாழ் இருந்தது. சுழல் துப்பாக்கியில் இது மிக அபூர்வம். 1970களில் அவை படிப்படியாக விலக்கப்பட்டு ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 10 வந்தது. அந்தத் தாழை மட்டும் பார்த்தே, இது பிரிட்டிஷ் ராணுவத்துடையது அல்ல, காலனித்துவக் காவல்துறைக்குச் செய்யப்பட்டது என்று நிபுணர் ஊகித்து விடுவார்.

நான்கு ஆண்டுகள்

சுருக்கமாகச் சொன்னால், ஒரு பழைய துப்பாக்கிக்கு நான்கு ஆண்டுகள் உண்டு. காப்புரிமை பெற்ற ஆண்டு, வடிவம் ஏற்கப்பட்ட ஆண்டு, செய்யப்பட்ட ஆண்டு, மாற்றப்பட்ட அல்லது விற்கப்பட்ட ஆண்டு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் கதை முழுவதும் பிசகி விடும். சில நாடுகளில் சட்டமே இந்த வயதைப் பொறுத்தது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898 வரை செய்தவை பழம்பொருள்; அதற்குப் பிந்தியவை சுடும் ஆயுதம். வெப்லி மார்க் 1க்கும் மார்க் 6க்கும் இடையே அங்கே சட்டத்தின் கோடு விழுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றி ஒன்றை வைத்துக்கொள்ள அந்த வயதுக் கணக்கு கைகொடுக்காது.

இனிப் பரண் மேல் கிடந்த பெட்டிக்குத் திரும்பலாம். காவல்துறை வந்து, நிபுணர் பார்த்தார் என்று வைத்துக்கொண்டால் அவர் என்ன சொல்வார்? உடல் ஒரே துண்டு. சிலிண்டர் இடப்பக்கம் விலகுகிறது. ஆகவே பெரியப்பா சொன்ன ஜப்பானியத் துப்பாக்கி அல்ல. எண்ணுக்கு முன்னால் 'வி' இருக்கிறது. ஆகவே பேரன் படித்த '14' காப்புரிமைத் தேதி. துப்பாக்கி 1942க்கும் 1945க்கும் இடையில் செய்யப்பட்டது. 5 அங்குலக் குழல், பிரிட்டிஷ் .38 அறை. ஆகவே காமன்வெல்த் படைகளுக்காக வந்தது. சித்தப்பா சொன்ன வெள்ளைக்காரத் துரைக் கதை இதனோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு. யார் கையிலிருந்து தாத்தாவின் கைக்கு வந்தது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. 'வி'க்குப் பக்கத்தில் 'எஸ்' இல்லை. உள்ளே ஆறு தோட்டாக்கள் இன்னும் இருக்கின்றன.

பேரன் அதைக் கையில் எடுக்காமல் எட்டி மட்டும் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வீட்டுப் பரணில் பழைய பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் நினைவில் கொள்ள வேண்டியது அதுதான்.